ஓதமும் துகள் மழையும்: இரைச்சலை அறியும் இரு வழிகள்

கிரேட் நிகோபார் தீவின் தென்கோடியான இந்திரா முனை, வட அட்சம் ஆறே முக்கால் பாகையில் இருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய அஸ்ட்ரோசாட், 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் பூமியைச் சுற்றுகிறது. ஆகவே அந்தப் பாதையின் வட எல்லை இந்திரா முனைக்குத் தெற்கே, நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில், கடலுக்கு மேலே அமைகிறது. அந்தக் கடலோடு ஒட்டிய வங்கக் கடலின் அடித்தரையில், சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் இறக்கிய அழுத்தமானிகள் இருக்கின்றன. மேலே இருப்பது நியூட்ரான் விண்மீன்களையும் கருந்துளைகளையும் நோக்கும் கருவி. கீழே இருப்பது சுனாமிக்காகக் காத்திருக்கும் கருவி. இரண்டையும் ஒரே கட்டுரையில் நிறுத்துவது வலிந்த செயலாகத் தோன்றலாம். ஆனால் இரண்டுக்கும் முன்னுள்ள கணக்கு ஒன்றே. எதுவும் நிகழாத வேளையில் கருவி என்ன காட்டும் என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் நம்ப முடியும்.

கழிக்க வேண்டியதன் அளவைப் பாருங்கள். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறியுள்ள போர்ட் பிளேரில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் ஏறக்குறைய 2 மீட்டர் ஏறி இறங்கும். நடுக்கடலில் சுனாமியின் உயரமோ பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான். 2004 டிசம்பர் 26 அன்று வங்கக் கடலைத் தற்செயலாகக் கடந்த ஜேசன்-1 செயற்கைக்கோள் அளந்தபோது, அந்த மாபெரும் அலைகூட ஆழ்கடலில் 60 சென்டிமீட்டர் அளவில்தான் இருந்தது. வானத்திலும் நிலைமை இதுவே. அஸ்ட்ரோசாட்டின் காட்மியம் துத்தநாக டெலுரைடு படிமக் கருவி (சுருக்கமாக சி.இசட்.டி.ஐ.) பதியும் துடிப்புகளில் பெரும்பகுதி, அது நோக்கும் விண்மீனோடு தொடர்பில்லாதது. காஸ்மிக் கதிர்கள், பூமியின் வளிமண்டலத்திலிருந்து மேலெழும் காமா கதிர்கள், எத்திசையிலிருந்தும் வரும் எக்ஸ் கதிர்ப் பின்னொளி, செயற்கைக்கோளின் உடலே உமிழும் கதிர்கள் என்று பல ஊற்றுகள் சேர்ந்து அந்தப் பின்னணியை உண்டாக்குகின்றன.

ஓதத்துக்குக் காரணமான நிலவும் சூரியனும் அட்டவணைக்குக் கட்டுப்பட்டவை. 1879-இல் எட்வர்ட் ராபர்ட்ஸ் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே ஒரு பொறியை வடிவமைத்தார். ஓதத்தின் ஒவ்வொரு கூறுக்கும் ஒரு சக்கரம். எல்லாச் சக்கரங்களின் அசைவையும் ஒரே கம்பி கூட்டித் தரும். எழுதுகோல் அதை வளைகோடாக வரையும். ஓராண்டுக்கான ஏற்றவற்றம் சில மணி நேரத்தில் காகிதத்தில் வந்துவிடும். ஒரு துறைமுகத்தின் கூறுகளைப் பழைய பதிவுகளிலிருந்து பிரித்தெடுத்துவிட்டால், பத்தாண்டுக்குப் பின் எந்த நாளில் எந்த நிமிடம் கடல் உச்சத்தைத் தொடும் என்பதைக்கூட இன்றே சொல்லிவிடலாம்.

துகள் மழைக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. அடுத்த புரோட்டான் எந்த நொடியில், எத்திசையிலிருந்து வரும் என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே இங்கே கணக்கு பகடை உருட்டுகிறது. செர்ன் ஆய்வகத்தைச் சார்ந்து உருவாகி 1998-இல் முதல் பதிப்பு கண்ட ஜியன்ட்-4 என்ற மென்பொருளில், செயற்கைக்கோளின் உடலை வடிவம், பொருள், எடை மூன்றும் பிசகாமல் எண்களாகக் கட்டுகிறார்கள். இதற்கு நிறை மாதிரி என்று பெயர். பிறகு அதன்மேல் கோடிக்கணக்கான கற்பனைத் துகள்களைத் தூவி, ஒவ்வொன்றும் எங்கே மோதும், என்னவாகச் சிதறும் என்பதை இயற்பியல் விதிகள் தரும் நிகழ்தகவின்படி முடிவு செய்கிறார்கள். தனித்துகளைப் பற்றி இந்தப் பாவனைக் கணக்கு (சிமுலேஷன்) எதையும் முன்கூட்டிச் சொல்லாது. திரளைப் பற்றி மிக நுட்பமாகச் சொல்லும்.

ஒரே ஒரு புரோட்டானைப் பின்தொடர்ந்தால் இந்த உழைப்பின் தேவை விளங்கும். அது சி.இசட்.டி.ஐ.யின் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள தகட்டை நேராக ஊடுருவினால், சில மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை அங்கே விட்டுச் செல்லும். கருவி அளக்க விரும்பும் கதிர்களோ 20 முதல் 200 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை உள்ளவை. இத்தனை பெரிய துடிப்பை இனங்கண்டு தள்ளுவதில் சிரமமே இல்லை. தொல்லை கொடுப்பவை அதன் வழித்தோன்றல்கள். அதே புரோட்டான் தகட்டைத் தொடாமல் பக்கத்துச் சட்டத்தில் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து தெறிக்கும் ஓர் எலக்ட்ரானோ காமா கதிரோ ஐம்பது, அறுபது கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுடன் தகட்டுக்குள் நுழையும்போது, விண்மீனிலிருந்து வந்த எக்ஸ் கதிருக்கும் அதற்கும் வேறுபாடு காண வழியில்லை. கதிரை மறைக்கப் பயன்படும் டாண்டலம் உலோகமும் தூண்டப்பட்டால் 57 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டித் தன் அடையாளக் கதிரை உமிழும். கவசத்தைத் தடிப்பாக்கினால் வெளித்துகள் குறையும், உள்ளே பிறக்கும் துகள் கூடும். எந்தத் தடிப்பில் நிறுத்துவது என்பதை ஏவுவதற்கு முன்பே சொல்லக்கூடியது இந்தப் பாவனைக் கணக்கு மட்டுமே.

கணக்குக்கு வருமுன்பே கருவியில் ஒரு சல்லடை வைப்பதில் இரு துறையாரும் ஒத்துப்போகிறார்கள். பழைய ஓதமானியின் மிதவை திறந்த கடலில் மிதப்பதில்லை. அடியில் சிறு துளையிட்ட குழாய்க் கிணற்றுக்குள் மிதக்கிறது. காற்றலையும் கப்பல் எழுப்பும் அலையும் அந்தத் துளைக்குள் விரைந்து புக முடியாமல் வெளியிலேயே தங்கிவிடும்; மெல்ல ஏறும் ஓதம் மட்டும் உள்ளே நுழையும். சி.இசட்.டி.ஐ.யில் தகடுகளுக்கு அடியில் சீசியம் அயோடைடு படிகம் இருக்கிறது. தகட்டிலும் படிகத்திலும் ஒரே கணத்தில் துடிப்பு எழுந்தால், வந்தது ஊடுருவிச் செல்லும் துகள் என்று கொண்டு அந்தப் பதிவை விலக்கலாம். தகட்டின் பல புள்ளிகளில் சில பத்து மைக்ரோநொடிக்குள் கொத்தாக விழும் பதிவுகளையும் அவ்வாறே நீக்குகிறார்கள். இரு சல்லடைகளுக்கும் விலை உண்டு. கிணற்றின் துளை குறுகிய கால சுனாமி அலையையும் சேர்த்து மழுக்கிவிடும். விலக்கும் முறையோ தற்செயலாக அதே கணத்தில் வந்த நல்ல கதிரையும் சேர்த்துக் கழித்துவிடும்.

கணக்கின் சுமை எங்கே விழுகிறது என்று கேட்டால், ஒப்பீடு தலைகீழாகப் புரள்கிறது. கடலில் இரைச்சலை, அதாவது ஓதத்தை, கணிப்பது வியக்கத்தக்க அளவு எளிது. அமெரிக்கர்கள் வகுத்த ஆழ்கடல் அழுத்தமானி முறையில், கடந்த மூன்று மணி நேரப் பதிவின்மேல் ஒரு முப்படிக் கோவையைப் பொருத்தினால் போதும், இந்த நொடியில் அழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். எதிர்பார்த்ததற்கும் அளந்ததற்கும் உள்ள வேறுபாடு 30 மில்லிமீட்டரைத் தாண்டினால் கருவி தானாக விழித்துக்கொண்டு மிதவை வழியே செய்தி அனுப்பும். ஆனால் சமிக்ஞையைக் கணிப்பது அங்கே பெரும்பாடு. நிலநடுக்கம் எங்கே, எந்த ஆழத்தில், எவ்வளவு சறுக்கியது என்பதைப் பொறுத்து அலை மாறும். ஆகவே 2007 அக்டோபர் முதல் இயங்கும் ஐதராபாத் சுனாமி முன்னெச்சரிக்கை மையம், அந்தமான்–சுமத்ரா அகழியிலும் மக்ரான் கரையிலும் நிகழக்கூடிய நடுக்கங்களுக்கெல்லாம் அலைகளை முன்கூட்டியே கணித்துச் சேமித்து வைத்திருக்கிறது. நடுக்கம் நேர்ந்ததும் பொருந்தும் கணிப்பை எடுத்துக்கொள்வார்கள்.

வானத்தில் இது நேர் எதிர். நண்டு நெபுலாவின் எக்ஸ் கதிர் நிறமாலையை ஒரே வரிச் சமன்பாட்டில் எழுதிவிடலாம். அதற்குப் பின்னணியாக நிற்கும் இரைச்சலுக்குத்தான் கணினிகள் நாள்கணக்கில் ஓட வேண்டியிருக்கிறது. கடலில் செய்தி சிக்கலானது, இரைச்சல் எளிது. வானில் செய்தி எளிது, இரைச்சல் சிக்கலானது. இருந்தும் சிக்கலான பக்கத்தை இருவரும் கையாளும் விதம் ஒன்றாகவே இருக்கிறது: கடலடியையோ கருவியின் உடலையோ எண்களாகக் கட்டி, அதன்மேல் கணக்கை ஓட்டுகிறார்கள். கடலடி வரைபடத்தில் ஒரு குன்று விடுபட்டால் அலை தவறான கரைக்குப் போகும். நிறை மாதிரியில் ஒரு கனத்த பெட்டி விடுபட்டால் துகள் தவறான இடத்தில் சிதறும்.

கணிப்பை மட்டும் நம்பாமல் வெறுமையை நேரிலேயே அளந்து பார்க்கும் வழக்கமும் இரு பக்கமும் உண்டு. அஸ்ட்ரோசாட்டின் இன்னொரு கருவி, டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய லாக்ஸ்பிசி. செனான் வாயு நிரப்பிய மூன்று பெரிய அறைகள் கொண்டது. குறிப்பிடத்தக்க எக்ஸ் கதிர் மூலம் எதுவும் இல்லாத வெற்று வானத்தை நோக்கி அதைத் திருப்பி வைத்து, பின்னணியை நேரடியாகப் பதிகிறார்கள். ஜியன்ட்-4 தந்த எண்ணை அதனோடு ஒத்துப் பார்க்கிறார்கள். ஜேசன்-1 அளவீட்டிலிருந்து சுனாமியைப் பிரித்தெடுத்தவர்கள் செய்ததும் இதுதான்: செயற்கைக்கோள் அதே தடத்தில் முன்பு சென்ற நாட்களின் கடல்மட்டத்தைக் கழித்தார்கள். இன்னார் வழி இது என்று தெரியாமல் எடுத்துக் காட்டினால், எது கடலாய்வு, எது வானாய்வு என்று சொல்வது கடினம்.

லாக்ஸ்பிசி குழுவினர் பதிந்த பின்னணியில் ஏறக்குறைய ஒரு நாள் கால இடைவெளியில் ஏற்றவற்றம் தெரிந்தது. பகடையால் ஆன துகள் மழைக்குள் ஓர் ஓதம்! காரணம் பாதையின் வடிவியலில் இருக்கிறது. தென் அட்லாண்டிக்குக்கு மேலே பூமியின் காந்தக் கவசம் தளர்ந்த பகுதி ஒன்று உண்டு. சிறைப்பட்ட புரோட்டான்கள் அங்கே தாழ இறங்கும். அஸ்ட்ரோசாட் அதன் வட விளிம்பை மட்டுமே உரசிச் செல்கிறது. தன் பாதையின் தென்கோடியை அது எட்டும் இடம் அந்தத் தீர்க்கரேகைகளோடு பொருந்தும் சுற்றுகளில் புரோட்டான்கள் மிகுதியாகத் தாக்குகின்றன. பிற சுற்றுகளில் தாக்குதல் தணிகிறது. பூமி சுழல்வதால் இந்தப் பொருத்தம் நாளுக்கு ஒரு முறை நேர்கிறது. ஆனால் பாதையின் தளம் நாள்தோறும் ஏழு பாகை அளவு மேற்கே நகர்வதால், அந்த உச்சம் கணக்குப்படி தினமும் சுமார் அரை மணி நேரம் முந்திக்கொண்டே வர வேண்டும். நிலவு கிழக்கே நகர்வதால் கடலின் ஓதம் தினமும் 50 நிமிடம் பிந்துகிறது என்பது கடலோரத்தில் வாழும் எவருக்கும் தெரியும். ஒன்று பிந்தும், மற்றொன்று முந்தும். இரண்டும் பூமியின் சுழற்சியோடு இன்னொரு நகர்வு சேர்வதால் பிறந்தவை. நெடுங்காலத் தாளமும் இரண்டுக்கும் உண்டு: ஓதத்துக்கு நிலவின் பாதை திரும்பிவரும் 18.6 ஆண்டு, காஸ்மிக் கதிர்களுக்குச் சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி. சூரியன் கொந்தளிக்கும் ஆண்டுகளில் விண்மீன்வெளியிலிருந்து வரும் துகள்கள் குறையும் என்பது முதலில் கேட்பவருக்கு வியப்பாக இருக்கும்.

இடத்தைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் அந்தமான் நிகோபார் இந்த ஒப்பீட்டுக்குள் வெறும் முகவரியாக வரவில்லை. பூமியின் காந்தப்புலம் குறைந்த ஆற்றல் துகள்களைத் திருப்பி அனுப்பும். காந்த நடுக்கோடு நிகோபாரை ஒட்டிச் செல்கிறது. திருப்பி அனுப்பும் வலிமை உலகிலேயே மிகுதியாக இருப்பது தெற்காசிய, தென்கிழக்காசிய வட்டாரத்தில்தான். கிழக்கே தாய்லாந்தின் தோய் இந்தானோன் மலையிலுள்ள நியூட்ரான் கண்காணிப்பகத்தில் இந்த வரம்பு ஏறக்குறைய 17 கிகாவோல்ட். உலகின் நியூட்ரான் கண்காணிப்பகங்களில் அதுவே மிக உயர்ந்தது. ஆகவே இந்தத் தீவுகளுக்கு மேலுள்ள வான்வெளி, எக்ஸ் கதிர்க் கருவிக்கு உலகிலேயே அமைதியான இடங்களில் ஒன்று. அதற்கு நேர் கீழே இருக்கும் அகழியோ உலகின் மிகப் பெரிய நடுக்கங்களில் ஒன்றை எழுப்பியது. அஸ்ட்ரோசாட்டையும், 2024 ஜனவரி 1 அன்று சென்ற எக்ஸ்போசாட் என்ற எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோளையும் நடுக்கோட்டுக்கு அருகிலேயே சுற்றவிட்ட முடிவில் இந்த அமைதியைப் பயன்கொள்ளும் எண்ணம் அடங்கியிருக்கிறது.

இரண்டு கருவிகளும் வெளியே நின்று பார்க்கும் சாட்சிகள் என்று நினைத்தால் அதுவும் பிழையாகிவிடும். கருவிக்கும் அது அளக்கும் உலகுக்கும் உள்ள இந்த உறவை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். தென் அட்லாண்டிக்கில் புரோட்டான்களால் அடிபட்ட காட்மியம், சீசியம், அயோடின் அணுக்கருக்களில் சில கதிரியக்கம் பெற்றுவிடும். அந்தப் பகுதியைத் தாண்டிய பிறகும் அவை சில நிமிடங்களுக்கோ, நாட்களுக்கோ, மாதங்களுக்கோ சிதைந்துகொண்டே இருக்கும். எனவே கருவி பதிவது வெளியுலகை மட்டுமன்று. தான் பட்ட அடிகளின் வரலாற்றையும் சேர்த்துப் பதிகிறது. நேற்று எந்தத் தடத்தில் சென்றது என்று தெரியாமல் இன்றைய பின்னணியைக் கணிக்க இயலாது. 2004-இல் போர்ட் பிளேர் ஓதமானிக்கு நேர்ந்ததும் இதற்கு ஒப்பானதே. நடுக்கத்தோடு அந்த நகரின் தரையே ஒரு மீட்டர் அளவு தாழ்ந்தது. நகரை அடுத்த சிப்பிகாட் வயல்களில் கடல்நீர் புகுந்து தங்கிவிட்டது. இந்திரா முனைக் கலங்கரை விளக்கம் 4 மீட்டருக்கும் மேல் இறங்கியது. வட அந்தமானிலோ பவளப்பாறைகள் நீருக்கு மேலே எழுந்து காய்ந்தன. ஓதமானி கடல் ஏறியதாகக் காட்டியதில் ஒரு பங்கு, ஓதமானியே இறங்கியதால் வந்தது. அதன் சுழிமட்டத்தைப் புதிதாக வரையறுக்க வேண்டியிருந்தது. கடற்கருவிக்கு இது ஒரு தலைமுறையில் ஒரு நாள் நேரும். விண்கருவிக்கோ நாள்தோறும் நேர்கிறது.

பாவனைக் கணக்கு எவ்வளவு நுணுக்கமானாலும், அதன் காரணப் பட்டியலில் இல்லாததை அது சொல்லாது. 1999 ஜூலையில் சென்ற சந்திரா தொலைநோக்கி இதற்கு வானத்துச் சான்று. அதன் வழவழப்பான ஆடிகள் எக்ஸ் கதிர்களைக் குவிப்பதற்காக அமைக்கப்பட்டவை. கதிர்வீச்சு வளையங்களைக் கடந்தபோது, ஏறக்குறைய 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்களும் அதே ஆடிகளில் சறுக்கிக் குவிந்து, சில வாரங்களிலேயே படிமச் சில்லுகள் சிலவற்றின் தரத்தைக் கெடுத்துவிட்டன. ஆடி வழியாகப் புரோட்டானும் வரும் என்பது யாருடைய பட்டியலிலும் உரிய இடம் பெற்றிருக்கவில்லை. கடலுக்கான சான்று 2018 டிசம்பர் 22. இந்தோனேசியாவின் சுந்தா நீரிணையிலுள்ள அனாக் கிரகட்டோவா எரிமலையின் ஒரு பக்கம் சரிந்து எழுந்த சுனாமி, நிலநடுக்கத்தையே தொடக்கமாகக் கொண்ட எச்சரிக்கை முறைக்குப் பிடிபடாமல் கரையேறி, நானூறுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இந்தியாவின் ஒரே உயிர்ப்புள்ள எரிமலையான பேரன் தீவை அருகில் வைத்திருக்கும் அந்தமானுக்கு இது தொலைதூரச் செய்தி ஆகாது. சந்திராவில் கெட்டது சில்லு, சுந்தா நீரிணையில் போனது உயிர். இவ்விரண்டின் கனத்தைச் சமமாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் பிழையின் இயல்பு ஒன்றே.

இறுதியாக, இரைச்சலைக் கணிக்கச் செய்த வேலை வேறொன்றைக் கண்டுபிடிக்க உதவிய கதை. ஏறக்குறைய 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் சி.இசட்.டி.ஐ.யின் சுவர்கள் கதிருக்கு ஓரளவு வழிவிடத் தொடங்கும். பக்கவாட்டிலிருந்து வரும் காமா கதிர் வெடிப்புகள் செயற்கைக்கோளின் உடலைத் துளைத்துக்கொண்டே தகட்டை அடைந்தன. அந்த உடல் எவ்வளவு தடுத்தது என்பதை நிறை மாதிரி சொன்னது. கருவி இயங்கத் தொடங்கிய முதல் நாளான 2015 அக்டோபர் 6 அன்றே ஒரு வெடிப்பு பதிவானது. பின்னர் எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் பெருகியது.

கடலில் இதற்கு இணையான நிகழ்ச்சி இன்னும் பழையது. 1880-இல் போர்ட் பிளேரில் ஓதப் பதிவு தொடங்கியது சுனாமியைப் பிடிப்பதற்காக அன்று. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே பெரும் நடுக்கம் நேர்ந்தது. வங்கக் கடலைச் சுற்றியிருந்த ஓதமானிகளின் வளைகோடுகளில், ஒரு மீட்டரைக்கூட எட்டாத சிறு நெளிவுகளாக சுனாமி விழுந்தது. 2003-இல் ஆய்வாளர்கள் மொடெஸ்டோ ஓர்டிஸும் ராஜர் பில்ஹாமும் அந்த வளைகோடுகளிலிருந்து ஓதத்தைக் கழித்து, நடுக்கத்தின் அளவு 7.9 என்று மீட்டெடுத்தார்கள். யாரோ அன்றாட ஏற்றவற்றத்தை விடாமல் பதிந்து, அந்தக் காகிதத்தைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் அது கைகூடியது.

ஆகவே நம் விண்வெளித் துறையிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸ் கதிர்ச் செயற்கைக்கோள்களின் அவதானிப்புத் தரவோடு, அவற்றின் நிறை மாதிரிகளும் கழிக்கப்பட்ட பின்னணிப் பதிவுகளும் பொதுவில் முழுமையாகப் பாதுகாக்கப்பட வேண்டும். கடலுக்குச் செல்லும் நம் மீனவ உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். வங்கக் கடலில் அழுத்தமானியின் செய்தியை அனுப்பும் மஞ்சள் மிதவையைக் கண்டால் அதில் படகைக் கட்டாதீர்கள், அதன் கயிற்றையோ பலகையையோ தொடாதீர்கள். சுனாமி வராத நாட்களில் அது விடாமல் அனுப்பும் எண்களை வைத்துத்தான், வரும் நாளை அடையாளம் காண முடியும்.